கிழக்கும் குணக்கும்



குழித்துறை ஆற்றங்கரையில் நின்று பேசுகிறேன். உங்களிடம் ஒரு கேள்வி. இங்கே மலை எந்தப் பக்கம்? கிழக்கும் வடகிழக்கும். கடல் எந்தப் பக்கம்? மேற்கே, தேங்காய்ப்பட்டணத்தில். நம் ஆறு மலையில் பிறந்து மேற்கே இறங்கிக் கடலில் சேர்கிறது. ஆக, நமக்குக் கிழக்கு மேடு, மேற்கு பள்ளம். இப்போது அந்தச் சொற்களைப் பாருங்கள். கிழக்கு என்பதற்குள் கீழ் இருக்கிறது. மேற்கு என்பதற்குள் மேல் இருக்கிறது. நம் மண்ணில் இரண்டு சொல்லும் தலைகீழாக நிற்கின்றன!

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் போங்கள். சொல் நேராகிவிடும். அங்கே பொதிகை மேற்கே நிற்கிறது. தாமிரபரணி அங்கிருந்து இறங்கிக் கிழக்கே புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. நம் குழித்துறை ஆற்றுக்கும் தாமிரபரணி என்ற பெயர் உண்டு. ஒரே பெயரில் இரண்டு ஆறுகள். ஒன்று கிழக்கே ஓடுகிறது, ஒன்று மேற்கே ஓடுகிறது. காவிரியும் வைகையும் மேலிருந்து கீழே, அதாவது மேற்கிலிருந்து கிழக்கே போகின்றன. அந்த நிலத்தில் நடந்து, அந்தச் சரிவில் ஏர் பூட்டி, தண்ணீர் பாயும் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து வாழ்ந்தவர்கள் வைத்த பெயர்தான் கிழக்கு. கால் கண்டுபிடித்த சொல் அது.

ஐயம் இருப்பவர்கள் திருக்குறளில் காலமறிதல் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பகைவனுக்கு முடிவுகாலம் வந்தால் அவன் தலை கீழே விழும் என்று சொல்கிற குறள் ஒன்று உண்டு. அந்த இடத்தில் வள்ளுவர் ஆளும் சொல் கிழக்கு. அங்கே அது திசை இல்லை. கீழே என்பதுதான் பொருள். இறக்கத்தைக் குறித்த சொல்லும் திசையைக் குறித்த சொல்லும் ஒன்றாகவே இருந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அப்படியானால் இன்னொரு சொல்லைப் பற்றிக் கேட்க வேண்டும். குணக்கு. அதற்கும் அகராதி கிழக்கு என்றே பொருள் சொல்கிறது. ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்த சொற்கள் இல்லை என்பது என் துணிபு. குணக்கில் மேடும் பள்ளமும் இல்லை. அதன் இணை குடக்கு. நம் புலவர்கள் நாட்டுக்கு எல்லை சொல்லும்போது இந்த இணையைத்தான் கையில் எடுத்தார்கள். சிறுபாணாற்றுப்படை மூவேந்தர் நாடுகளைப் பிரித்துச் சொல்லும்போது சேரனுடையது குடபுலம், பாண்டியனுடையது தென்புலம், சோழனுடையது குணபுலம். நன்னூலின் பாயிரம் தமிழ் நிலத்துக்கு எல்லை வகுக்கும்போது கிழக்கெல்லை குணகடல், மேற்கெல்லை குடகம். சேர மன்னன் குடக்கோ. இளங்கோவடிகள் துறவு பூண்டு தங்கிய இடம் குணவாயிற்கோட்டம். கடல், நாடு, அரசு, கோட்டம் என்று எட்ட நின்று ஒரு பரப்பு முழுவதையும் பார்க்கிறவனுடைய சொல் அது. வயலுக்குத் தண்ணீர் கட்டுகிறவனுக்குக் கீழ்வயலும் மேல்வயலும் போதும்.

நம்மைப் போன்ற மேலைக்கரைக்காரர்களுக்குப் பொருத்தமானது எது? சரிவைச் சொல்லாத குணக்குதான். ஆனாலும் நாமும் மலையைக் காட்டிக் கிழக்கு என்றே சொல்கிறோம். மலையாளத்திலும் மலை இருக்கும் திசை கிழக்குதான். மேற்கை மட்டும் அவர்கள் படிஞ்ஞாறு என்றார்கள். ஞாயிறு படுகிற இடம். ராபர்ட் கால்டுவெல் இதைக் கவனித்தார். நெல்லைச் சீமையில் இடையன்குடியில் வாழ்ந்தவர் அவர். 1856இல் முதலில் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் அவருடைய நூல். மலையை எதிரே வைத்துக்கொண்டு அந்தத் திசையைக் கீழ் என்று சொல்கிறவர்களின் முன்னோர், மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர்களாக இருக்க வேண்டும் என்றார். அவர் முடிவுகளை மறுப்பவர்களும் உண்டு. எனக்கு அந்தக் கவனிப்பே பெரிது. கல்வெட்டும் ஏடும் இல்லாத இடத்தில் ஒரு திசைச்சொல் வந்து சாட்சி சொல்கிறது!

குணக்கு ஏன் பேச்சிலிருந்து போயிற்று? அதே ஒலியில் கோணலைக் குறிக்கும் குணக்கு ஒன்று இருந்தது. போதாக்குறைக்குப் பண்பைக் குறிக்கும் குணம் வந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. நான் ஆசிரியராக இருந்த காலத்தில் ஒரு மாணவன் குணகடல் என்பதற்கு ‘நல்ல குணமுள்ள கடல்’ என்று விடை எழுதியிருந்தான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவனுக்கு யாரும் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியவன் நான்.

கிழக்குக்கு நேர்ந்ததுதான் எனக்கு அதிக வருத்தம். சில ஆண்டுகளுக்கு முன்னால் ஓர் ஊரில் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசப் போயிருந்தேன். ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து பெயரும் தெருவும் சொன்னது. ஒரு பெண் குழந்தை பெயரை உரக்கச் சொல்லிவிட்டு, தெருவின் பெயரை மட்டும் வாய்க்குள் சொன்னாள். கீழத்தெரு. “ஏம்மா மெதுவா சொல்றே?” என்று கேட்டேன். “கீழ்னு வருதே சார்” என்றாள்.

அவைத்தலைவர் அவர்களே, அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கீழத்தெரு என்றால் கிழக்குத் தெரு. ஊரில் வெயில் முதலில் வந்து விழுகிற தெரு. மதுரையில் கீழமாசி வீதி இருக்கிறது. அங்கே கடை வைத்திருப்பவர் யாராவது அந்தப் பெயரைச் சொல்லக் கூசுகிறாரா? வேங்கியை ஆண்டவர்களைக் கீழைச் சாளுக்கியர் என்று வரலாற்றில் படிக்கிறோம். அவர்கள் தாழ்ந்தவர்கள் என்று யாராவது சொல்கிறோமா? சென்னையில் ஓலைச்சுவடிகளைக் காத்துவரும் நூலகத்தின் பெயரே அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம். அங்கெல்லாம் திசையாக இருக்கிற கீழ், ஓர் ஏழைக் குழந்தையின் முகவரியில் மட்டும் எப்படித் தாழ்வாகிப்போனது? அந்தத் தெருவின் பெயரை இளக்காரமாக உச்சரித்த வாய்கள் இருந்தன. பழி அந்த வாய்களுக்கு உரியது.

இப்போது சில ஊர்களில் அந்தப் பெயரை மாற்றிவிடலாம் என்கிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் தெருவின் பெயரில் கீழ என்று இருக்கிற வரைக்கும் அந்த நிலம் எந்தப் பக்கம் சரிந்திருந்தது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்பதும் அதில் இருக்கிறது. அழித்துவிட்டால் பிறகு எழுத முடியாது.

இந்த அவையிடம் இரண்டு வேண்டுகோள். ஊராட்சியில் பொறுப்பில் இருப்பவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள். கீழத்தெரு என்ற பலகையை எடுக்காதீர்கள். அதன் அடியில் ‘கிழக்குத் தெரு என்று பொருள்’ என ஒரு வரி எழுதி வையுங்கள். ஆசிரியர்கள் குணக்கு, குடக்கு என்ற இரண்டு சொற்களையும் திசை சொல்லிக்கொடுக்கிற முதல் நாளிலேயே சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். பிள்ளைகளே, நாளைக் காலையில் மலைக்கு மேலே வெயில் ஏறும்போது அந்தப் பக்கம் திரும்பி நின்று இரண்டு பெயரையும் ஒருமுறை உரக்கச் சொல்லுங்கள்.