விதியல்ல, வியாதி

(விவசாயிகள் கூட்டம் ஒன்றில் பேசியது)



கடனைப்பற்றியும், தண்ணீரைப்பற்றியும், நெல் விலையைப்பற்றியும் நமக்கு முன் பேசிய தோழர்கள் வேண்டிய அளவு சொல்லிவிட்டார்கள். நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. அது, உங்கள் வீட்டுத் திண்ணையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, அந்த மனிதனைப்பற்றியது. ராத்திரி அவனுக்குத் தூக்கமில்லை. தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துபோகிறான். வயல்பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. "என்னப்பா?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்கிறான்.

தோழர்களே! உங்கள் மாட்டுக்குக் கோமாரி வந்தால் என்ன செய்கிறீர்கள்? கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புகிறீர்கள். நெற்பயிரில் புகையான் விழுந்தால் இரண்டு தூரைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு வேளாண்மை அதிகாரியிடம் ஓடுகிறீர்கள். "இது பயிர் போன ஜன்மத்தில் செய்த பாவம்" என்று சொல்லிவிட்டு யாராவது வரப்பில் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்களா? இல்லை. ஆனால் அந்த மாட்டையும் பயிரையும் காப்பாற்றுகிற மனிதனுடைய மனதுக்கு நோய் வந்தால் மாத்திரம் விதி என்கிறோம், சனி என்கிறோம், செய்வினை என்கிறோம். மாட்டுக்குக் காட்டுகிற அறிவை மனிதனுக்குக் காட்டுவதில்லை. இது நியாயமா என்று யோசித்துப் பாருங்கள்.

மந்திரமும் சங்கிலியும்

இப்படி விதி என்று சொல்லிவிட்டாலாவது செலவு மிச்சமாகிறதா என்றால், அதுவும் இல்லை. சோதிடனுக்கு ஒரு பணம், பரிகாரத்துக்கு ஒரு பணம், தாயத்துக்கு ஒரு பணம். ஏற்கெனவே கடன்பட்டு மனமுடைந்தவன் தலையில், மனமுடைந்ததற்காக இன்னொரு கடன்! பணம் போனால்கூடச் சம்பாதித்துக்கொள்ளலாம். போன காலம் திரும்புமா? ஆரம்பத்திலேயே டாக்டரிடம் போயிருந்தால் சில மாதத்தில் தேறியிருக்கக்கூடியவன், கோவில் கோவிலாகவும் தர்க்கா தர்க்காவாகவும் அலைந்து நோய் முற்றிப்போகிறான்.

இந்த வழி எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு ஒரு சங்கதியை ஞாபகப்படுத்துகிறோம். 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை அடைத்துவைத்திருந்த தனியார் விடுதி ஒன்றின் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் ஓடமுடியவில்லை. ஏனென்றால் அவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் விரோதிகளல்ல. பெற்றவர்களும் கூடப் பிறந்தவர்களும்தான். "சாமி பார்த்துக்கொள்ளும்" என்று நம்பி விட்டுப்போனார்கள். எந்த மதத்துக் கடவுளும் வந்து அந்தச் சங்கிலியை அவிழ்க்கவில்லை.

நமது தப்பிதம்

பக்திமான்களை மாத்திரம் குறைசொல்லிவிட்டுப் போனால் அது யோக்கியமாகாது. நமது குற்றத்தையும் சொல்லவேண்டும்.

2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் அடித்தது உங்களுக்குத் தெரியும். நமது தோழர் ஒருவருக்குச் சிறு தென்னந்தோப்பு. ஒரே ராத்திரியில் அநேகமாக எல்லா மரமும் சாய்ந்தது. தென்னை வைத்தவனுக்குத் தெரியும், புதுக் கன்று வைத்தால் எத்தனை வருஷம் காத்திருக்கவேண்டுமென்று, கடன்காரன் காத்திருப்பானா? சில மாதங் கழித்து அந்தத் தோழர் நம்மிடம் வந்து, "அண்ணே, நெஞ்சில் பாறாங்கல் ஏறி உட்கார்ந்தமாதிரி இருக்கிறது, இருந்து என்ன பிரயோஜனம் என்று தோன்றுகிறது" என்றார். நாம் என்ன சொன்னோம்? "பகுத்தறிவுக்காரன் இப்படிக் கோழையாகலாமா? தைரியமாயிரு!" என்று முதுகில் தட்டி அனுப்பினோம். பெரிய உபதேசம் செய்துவிட்டதாக நமக்கு நினைப்பு. கால் ஒடிந்தவனைப் பார்த்து "ஓடு" என்று சொன்னதற்கும் இதற்கும் என்ன பேதம்?

அவரைக் காப்பாற்றியது நாமல்ல, அவர் மனைவி. அந்த அம்மாள் நமது கூட்டத்துக்கு ஒருநாளும் வந்தவரல்ல, நடவுக்குப் போகிறவர். புருஷனுடைய முகத்தைப் பார்த்தார், வீட்டிலிருந்த பூச்சிமருந்தை முதல் வேலையாக அப்புறப்படுத்தினார், "செத்துப்போகவேண்டும் என்று நினைக்கிறீர்களா?" என்று நேருக்கு நேராய்க் கேட்டார், அவர் அழுதார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்விட்டார். இன்று அந்தத் தோழர் நன்றாக இருக்கிறார், கன்று வைத்திருக்கிறார். அந்த அம்மாள் கேட்ட கேள்வியை நாம் கேட்கவில்லையே என்கிற வெட்கம் நமக்கு இன்னும் போகவில்லை. இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அது தப்பு. கேட்டால் பாரம் இறங்குமே தவிர ஏறாது.

இதற்கு வைத்தியம் உண்டு

இரண்டு வாரத்துக்குமேல் தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் பிடிப்பில்லை, "நான் எல்லோருக்கும் பாரம்" என்கிற பேச்சு, காரணம் தெரியாத வலி, திடீரென்று குடி அதிகமாவது — இவைகளெல்லாம் குணக்கேடல்ல, நோயின் அடையாளங்கள். மனச்சோர்வு என்று இதற்குப் பேர். பேச்சாலும் மருந்தாலும் இது குணமாகிறது. மருந்து இன்று தின்று நாளைக்குக் கேட்காது. இரண்டு, நான்கு வாரம் பிடிக்கும். விதைத்த மறுநாளே கதிர் அறுக்கிறீர்களா? ஆகவே "இரண்டு நாள் தின்றேன், கேட்கவில்லை" என்று நிறுத்தாதீர்கள். தேறியபின்னும் டாக்டரைக் கேளாமல் விடாதீர்கள்.

பிரமன் திருத்தி எழுதினானா?

தற்கொலையைத் தலையெழுத்து என்கிறவர்களை ஒரு கேள்வி கேட்கிறோம். இலங்கையில் 1995 முதல் மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தார்கள். அடுத்த இருபது வருஷத்தில் அங்கே தற்கொலை விகிதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. இலங்கைக்காரர் தலையெழுத்தைப் பிரமன் 1995-இல் திருத்தி எழுதினானா? கைக்கெட்டின விஷம் எட்டாமற்போயிற்று, அவ்வளவுதான். சாகவேண்டுமென்கிற வேகம் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணிந்துவிடுவது. அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் மனிதன் பிழைத்தான். நமது கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களிலேயே, சென்னை 'சிநேகா' அமைப்பார் பொது இடத்தில் பூட்டுப் பெட்டிகள் வைத்து, பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே பூட்டிவைக்கும்படி செய்து காட்டினார்கள். உங்கள் ஊரில் பத்துப் பேர் சேர்ந்தால் இதைச் செய்யமுடியாதா?

மருந்து கடனை அடைக்காது

"மாத்திரை தின்றால் கடன் தீர்ந்துவிடுமா?" என்று கேட்பீர்கள். தீராது. 2022-இல் மாத்திரம் இந்தியாவில் விவசாயத்தை நம்பினவர்கள் 11,290 பேர் தற்கொலை செய்துகொண்டதாக அரசாங்கக் கணக்கே சொல்லுகிறது. அதில் 6,083 பேர் விவசாயக் கூலிகள். மழையும் விலையும் வட்டியும் சேர்ந்து நசுக்கியதை வெறும் மனநோய் என்று சொல்லி அரசாங்கம் தப்பித்துக்கொள்ள நாம் இடங்கொடுக்கக்கூடாது. கந்துவட்டியைத் தடுக்க 2003-இலேயே இந்த நாட்டில் சட்டம் வந்தது. அதைக் கேட்டு வாங்கவேண்டும். ஆனால் கேட்பதற்கு மனிதன் உயிரோடு இருக்கவேண்டாமா? தூங்கி எழுந்து, தெளிந்த புத்தியோடு நிற்கிறவன்தான் கடன்காரனிடமும் அதிகாரியிடமும் நியாயம் பேசமுடியும்.

செய்யவேண்டியது

ஒன்று: மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு வேண்டாம். தனியே அனுப்பாதீர்கள்; கூடப் போங்கள்.

இரண்டு: 14416 என்கிற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் போன் செய்யலாம்; தமிழிலேயே பேசலாம், செலவில்லை. 104-லும் ஆலோசனை சொல்லுவார்கள்.

மூன்று: யாராவது விஷம் குடித்துவிட்டால் கைவைத்தியம் வேண்டாம், உடனே 108. "போலீசு வரும்" என்று மறைக்காதீர்கள். 2018 முதல் அமலில் இருக்கிற மனநலச் சட்டப்படி அப்படிப்பட்டவர் கடும் மனக்கஷ்டத்தில் இருந்தவர் என்றே கொள்ளவேண்டும், தண்டிக்கக்கூடாது. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதையும் அச்சட்டம் தடுக்கிறது.

நான்கு: "பைத்தியம்" என்கிற வார்த்தையை வசவாகச் சொல்லுவதை விட்டுவிடுங்கள். மேடையில் எதிரியைத் திட்ட நாமே அநேகந்தரம் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறோம், இனிச் சொல்லுவதில்லை. அந்த வசவுக்குப் பயந்துதான் நோயாளி வாய் திறப்பதில்லை.

தோழர்களே! இந்தக் கூட்டம் கலைந்தவுடன் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் இருக்கிறவன் பக்கத்தில் உட்காருங்கள். உபதேசம் செய்யாதீர்கள். "தூங்கினாயா?" என்று கேளுங்கள். அவன் சொல்லுகிறவரையில் எழுந்திருக்காதீர்கள். நாம் அன்று செய்யத் தவறியதை நீங்களாவது செய்யவேண்டும் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.