நீர்க்கடுப்பும் பெண்கள் சைக்கிளும்

(எப்போதும்வென்றானில் ஆண்களும் பெண்களும் கூடிய பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பெண்களுக்கு வருகிற நீர்க்கடுப்பு. முக்கியமாக, வெகுதூரம் சைக்கிள் மிதித்துப் போய்வருகிற பெண்களுக்கு அது ஏன் வருகிறது, வராமல் தடுப்பது எப்படி என்பதாகும். இதையெல்லாம் மேடையில் பேசலாமா என்று சிலர் முகத்தைச் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. ரிஷிபத்தினியிடம் இந்திரன் போன கதையையும், குளித்துக்கொண்டிருந்த பெண்களின் சேலையைக் கிருஷ்ணன் தூக்கிக்கொண்டு மரமேறின கதையையும் பெண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து விடிய விடியக் கேட்க நமக்கு வெட்கமில்லை. நம் வீட்டுப் பெண்ணுக்கு மூத்திரம் போகும்போது எரிகிறது என்பதை வாய்விட்டுச் சொல்ல மாத்திரம் வெட்கம் வந்துவிடுகிறது. இந்த வெட்கந்தான் இந்த வியாதிக்கு உரம் என்று காட்டவே இங்கு வந்திருக்கிறேன்.

இந்தக் கரிசல் காட்டில் நடப்பதைப் பாருங்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பெண்ணும், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்ணும், பருத்தி எடுக்கவும் மிளகாய் பறிக்கவும் போகிற பெண்ணும் காலையில் சைக்கிளில் ஏறுகிறார்கள். வழியில் ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. எட்டுகிற தூரம் வரைக்கும் மொட்டைக் கரிசல். இருக்கிற உடைமரப் புதரிலோ முள்ளுக்கும் பாம்புக்கும் பயம். அதைவிட மனிதனுக்குப் பயம். போய்ச்சேர்ந்த இடத்திலும் கழிப்பிடம் இருக்கும், கதவிராது, கதவிருந்தால் தண்ணீரிராது. ஆகையால் அவள் என்ன செய்கிறாள்? காலையிலேயே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறாள். வந்ததையும் சாயங்காலம் வரை அடக்கிக்கொள்கிறாள். சித்திரை வெயிலில் வேர்க்க வேர்க்க மிதித்துக்கொண்டு இப்படி ஒரு நாளல்ல, வருஷக் கணக்காகச் செய்கிறாள்.

பிறகு எரிச்சல் வருகிறது. அடிக்கொருதரம் போகத் தோன்றுகிறது, போனால் சொட்டுத்தான் வருகிறது, அடிவயிறு வலிக்கிறது. வீட்டில் சொன்னால் பாட்டி “சூடு” என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைக்கிறாள். பூசாரி “அந்தி நேரத்தில் ஆகாத இடத்தைத் தாண்டிவிட்டாள்” என்று கயிறு மந்திரித்துக் கட்டுகிறான். தகப்பனாரோ, “பெண்பிள்ளைக்குச் சைக்கிள் எதற்கு? எல்லாம் அதனால் வந்த வினை, நிறுத்து” என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். சைக்கிள் நின்றால் பள்ளிக்கூடம் நிற்கிறது. பள்ளிக்கூடம் நின்றால் கல்யாணம். ஒரு சின்ன வியாதியைச் சாக்காக வைத்து ஒரு பெண்ணின் வாழ்வையே மாற்றிவிடுகிறார்கள். ஆகவே இதை அற்ப சங்கதி என்று தள்ளிவிட முடியாது.

வியாதிக்குக் காரணம் என்ன? நம் எல்லோருடைய குடலிலும் வாழும் ஒரு கிருமிதான் பெரும்பாலும் காரணம். 1885-ல் எஷ்ஷெரிக் என்கிற வைத்தியர் அதைக் கண்டு எழுதினார். குடலில் இருக்கும்வரை அதனால் அநேகமாகத் தொந்தரவில்லை. அது முன்பக்கம் நகர்ந்து மூத்திரப் பைக்குள் ஏறிவிட்டால்தான் கடுப்பு. ஆணுக்கு மூத்திரக் குழாய் சுமார் 20 சென்டிமீட்டர் நீளம். பெண்ணுக்குச் சுமார் 4 சென்டிமீட்டர்தான். கிருமிக்கு அந்தப் பயணம் சுலபம். இதனால்தான் பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஆயுளில் ஒரு தடவையாவது இது வருகிறது. இதில் சாபமும் இல்லை, நடத்தைக் குறைவும் இல்லை. ஏறுகிற கிருமியை வெளியே அடித்துத் தள்ளுவது மூத்திரந்தான். தண்ணீர் குடிக்காமலும், வந்ததை அடக்கியும் வைத்தால், கிருமிக்கு உள்ளே உட்கார்ந்து பெருக அவகாசம் கொடுத்தவர்களாகிறோம்.

சைக்கிளுக்கு இதில் பங்கே இல்லையா என்று கேட்பீர்கள். நமக்குப் பிடித்த காரியம் என்பதற்காகப் பொய் சொல்வது பகுத்தறிவல்ல. 2018-ல் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ சர்வகலாசாலை வைத்தியர்கள், சைக்கிள் விடுகிறவர்கள், நீந்துகிறவர்கள், ஓடுகிறவர்கள் என்று 3,000-க்கு மேற்பட்ட பெண்களை விசாரித்து வெளியிட்டார்கள். சைக்கிள் விடுகிற பெண்கள் தங்களுக்கு நீர்க்கடுப்பு வந்ததுண்டு என்று மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகச் சொன்னார்கள். சீட்டில் புண், மரத்துப்போதல் ஆகியவையும் அதிகம். சீட்டின் அழுத்தமும், உராய்வும், வேர்வை ஈரமும் இதற்குக் காரணமாகலாம். ஆனால் இவற்றைத் திருத்த முடியும். செருப்புக் கடித்தால் செருப்பைச் சரிசெய்கிறோமே ஒழிய, நடப்பதை நிறுத்துவதில்லை.

பெண்ணைச் சைக்கிளிலிருந்து இறக்கப் பார்ப்பது நம் ஊர்ப் பழக்கம் மாத்திரமல்ல. 1890-களில் மேல்நாட்டு வைத்தியர்கள் சிலர், சைக்கிள் விட்டால் பெண்ணுக்குக் கர்ப்பப்பை கெடும், முகம் கோணிப்போகும் என்று எழுதினார்கள். “சைக்கிள் முகம்” என்று ஒரு வியாதிக்கே பெயர் வைத்தார்கள். அப்படி ஒரு வியாதி இல்லவே இல்லை. பெண்களின் ஓட்டுரிமைக்குப் பாடுபட்ட சூசன் ஆண்டனி அம்மையார் 1896-ல், பெண்ணின் விடுதலைக்கு உலகத்தில் வேறெதைக் காட்டிலும் சைக்கிள் அதிகம் உதவியிருப்பதாகச் சொன்னார். அதை நம் நாட்டிலும் கண்டோம். 1991 முதல் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம், கலெக்டர் ஷீலாராணி சுங்கத் அம்மையாரின் ஆதரவோடு, எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கல்லுடைக்கிறவர்கள், கூலிவேலை செய்கிறவர்கள், நர்சுகள் என்று ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டார்கள். 2001-க்குப் பிறகு சர்க்காரே பள்ளிப் பெண்களுக்கு இலவசச் சைக்கிள் கொடுத்தது. சைக்கிளைக் கொடுத்த நாம், போகிற வழியில் ஒதுங்க இடம் கொடுத்தோமா?

இனி, பெண்கள் செய்யவேண்டியதைச் சொல்லுகிறேன். முதலாவது தண்ணீர். 2018-ல் வெளியான ஒரு பரிசோதனையில், குறைவாகத் தண்ணீர் குடிப்பவர்களும் அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறவர்களுமான 140 பெண்களை எடுத்துக்கொண்டு, பாதிப்பேரை நாள்தோறும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் செய்தார்கள். ஒரு வருஷத்தில் அவர்களுக்கு வியாதி வந்த தடவைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. மந்திரமில்லை, கயிறில்லை, தண்ணீர்தான். மோரும் பதநீரும் இளநீரும் நல்லது என்று பாட்டி சொல்வதிலும் உண்மை இவ்வளவே. அவற்றில் தண்ணீர் இருக்கிறது. மூத்திரம் வெளிர்மஞ்சளாகப் போகும்படி குடியுங்கள். அடர்ந்த மஞ்சளானால் போதவில்லை என்று அர்த்தம். இருதயம், சிறுநீரக வியாதிக்காரர்கள் மாத்திரம் வைத்தியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, அடக்காதீர்கள். புறப்படுமுன் ஒரு தடவை, சேர்ந்தவுடன் ஒரு தடவை, நடுவில் மூன்று நாலு மணிக்கு ஒரு தடவை போய்விடுங்கள். மூன்றாவது, சீட்டைச் சரிசெய்யுங்கள். மூக்கு மேலே தூக்கி நிற்கக் கூடாது. மட்டமாக இருக்க வேண்டும். பெடல் அடியில் போகும்போது முழங்கால் கொஞ்சம் மடங்கி நிற்கிற உயரம் போதும். சைக்கிள் கடையில் ஒரு ஸ்பானர் வைத்துச் செய்கிற வேலை இது. நாலாவது, உள்ளுடுப்பு பருத்தியாக இருக்கட்டும். வேர்த்து நனைந்த துணியை வந்தவுடன் மாற்றுங்கள். மாதவிலக்கு நாள்களில் துணியையோ நாப்கினையோ நாள் முழுவதும் வைத்திருக்காமல் நாலைந்து மணிக்கு ஒரு தடவை மாற்றுங்கள். துணியானால் மூலையில் ஒளித்துக் காயப்போடாமல் வெயிலில் போடுங்கள்.

ஐந்தாவது, கழுவுவதும் துடைப்பதும் முன்னிருந்து பின்னாக இருக்க வேண்டும். வெறுந்தண்ணீர் போதும், உள்ளே சோப்பும் டெட்டாலும் வேண்டாம். கல்யாணமானவர்கள் சேர்க்கைக்குப் பின் எழுந்துபோய் மூத்திரம் விட்டுவர வேண்டும்.

இவ்வளவுக்கும் மேல் கடுப்பு வந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மூத்திரத்தைப் பரிசோதித்து மருந்து வாங்குங்கள். மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை கேட்டு வாங்கி, எரிச்சல் நின்றதும் மிச்சத்தை விட்டுவிடாதீர்கள். அரைகுறையாகவும் கண்டபடியும் மருந்து தின்றால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளருகின்றன. அப்புறம் பழைய மருந்து வேலை செய்யாது. குளிர்காய்ச்சல், விலாப்புற வலி, வாந்தி, மூத்திரத்தில் இரத்தம் என்றால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது, சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். கர்ப்பிணிக்கும் சர்க்கரை வியாதிக்காரருக்கும் இது இன்னும் ஆபத்து. கர்ப்பிணிக்குக் குறைமாதப் பிரசவம்கூட நேரலாம்.

தோழர்களே! இதுவரை பெண்களுக்குச் சொன்னேன். இனி ஆண்களுக்கு. “தண்ணீர் குடி, அடக்காதே” என்று சொன்னால், “எங்கே போவது?” என்று அவள் கேட்பாள். அதற்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் நீங்கள். தொழிற்சாலையில் பெண்களுக்குத் தனிக் கழிப்பிடமும் குடிதண்ணீரும் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் வருஷச் சட்டத்திலேயே எழுதினார்கள். எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் ஆறு மாதத்தில் கழிப்பிடம் வேண்டும் என்று 2012-ல் சுப்ரீம் கோர்ட்டே உத்தரவிட்டது. சட்டம் காகிதத்தில் இருந்தால் யாருக்கு லாபம்? கதவும் தாழ்ப்பாளும் தண்ணீரும் இல்லாத கழிப்பிடம், கணக்குக் காட்டுவதற்குக் கட்டினதே தவிரப் பெண்ணுக்குக் கட்டினதல்ல.

கோவில் கொடை என்றால் தலைக்கட்டு வரி போட்டு, வீடுவீடாய் வசூலித்து, வாணவேடிக்கையும் ஒலிபெருக்கியும் வைக்கிறோம். சாமிக்கு மூத்திரம் வருவதில்லை; அதற்கு மண்டபம் கட்டுகிறோம். நம் பெண்ணுக்கு வருகிறது; அவளுக்கு ஒரு மறைவு கட்டவில்லை. உங்கள் ஊர்ப் பெயர் எப்போதும்வென்றான். நல்ல பெயர். ஆனால் ஒரு பெண் பயமில்லாமல் மூத்திரம் விட இடமில்லாத ஊரில் எவன் எதை வென்று என்ன பிரயோசனம்?

ஆதலால், வருகிற கிராமசபைக் கூட்டத்துக்குப் பெண்களும் ஆண்களும் சேர்ந்து போங்கள். பள்ளிக்கூடத்திலும், பஸ் நிற்கும் இடத்திலும், வேலைசெய்யும் இடத்திலும் கதவும் தண்ணீரும் விளக்குமுள்ள கழிப்பிடம் வேண்டும் என்று தீர்மானம் எழுதச் செய்யுங்கள். எழுதினது நடந்ததா என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். பெண்கள் வெட்கத்தை விட்டுத் தண்ணீர் குடியுங்கள். சைக்கிளை மாத்திரம் விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.