கீரை முதலில், தென்னை பிறகு

கைக்குழந்தையோடு கிராமத்துக்குப் போய், ஒரு ஏக்கர் வாங்கி விவசாயம் பார்க்கலாம் என்று சில இளம் தம்பதிகள் கிளம்புகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் போனதும் நிலம் முழுக்கத் தென்னையை வைத்துவிடுகிறார்கள். நெட்டைத் தென்னை காய்க்க 6, 7 வருஷம் ஆகும். பிள்ளைக்குப் பால் இன்றைக்கே வேண்டுமே!

அனுபவப்பட்டவர்கள் வரிசை வைத்து நடுவார்கள். சிறுகீரை 25 நாளில் கட்டுப் போடலாம். வெண்டை 45 நாளில் பறிப்புக்கு வரும். செடிமுருங்கைக்கு 6 மாதம், பப்பாளிக்கு 10 மாதம். தென்னை ஓரத்தில் அதுபாட்டுக்கு வளரட்டும்.

விதைப்புக்கு முன்னால் ஒரு வேலை: கிணற்றுக்குச் சுற்றுச்சுவரும் மேலே கம்பிவலையும். பூச்சிமருந்தை எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. தவழ்கிற பிள்ளைக்கு எல்லாமே தின்பண்டம்தான்.

தோட்டத்துக்கு வந்த பாட்டி பேத்தியைக் கேட்டாராம்:

“நீயும் விவசாயம் பண்றியா கண்ணு?”

“ஆமா பாட்டி. அப்பா விதை போடுவாரு.”

“நீ?”

“முளைச்சிருச்சான்னு தினமும் தோண்டிப் பாப்பேன்!”