கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே ஒரு ஜங்ஷன்

 

மருத்துவ உதவி கேட்டு எங்களிடம் வருகிறவர்களில் ஒரு வகையினரைப் பற்றித்தான் இன்று பேச நினைக்கிறோம். பைக்கிலிருந்து விழுந்திருப்பார்கள். உயிர் தப்பிவிட்டது, முறிந்த எலும்பும் கூடிவிட்டது. ஆனால் ஒரு கை மட்டும் துவண்டு தொங்கும். தக்பீருக்கு அந்தக் கை உயராது. மற்றக் கையால் தூக்கி வைத்துக்கொள்வார்கள். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டால், ஒன்றரை வருஷம் என்பார்கள். இடையில் என்ன செய்தீர்கள் என்றால், எண்ணெய் போட்டு நீவினோம், தானாகச் சரியாகும் என்றார்கள் என்று பதில் வரும். அந்த ஒன்றரை வருஷம்தான் எங்களுக்கு வேதனை.

இது பக்கவாதம் இல்லை. பக்கவாதம் மூளையில் வருவது. இந்தக் கோளாறு இருக்கும் இடம் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே, காறை எலும்புக்கு மேலும் கீழும். அங்கே ஒரு நரம்புப் பின்னல் இருக்கிறது. டாக்டர்கள் பிரேக்கியல் பிளக்சஸ் என்பார்கள். நம் ஊர் ரயில் பாதை போய்ச் சேரும் விழுப்புரம் ஜங்ஷனை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னை, திருச்சி, காட்பாடி, புதுச்சேரி, நம் கடலூர் என்று ஐந்து பாதைகள் அங்கே கூடுகின்றன. இந்தப் பின்னலுக்கும் தண்டுவடத்திலிருந்து ஐந்து வேர்கள் வருகின்றன. கழுத்து நரம்புகளில் ஐந்தாவது முதல் எட்டாவது வரை நான்கு. மார்பின் முதல் நரம்பு ஒன்று. ஐந்தும் சேர்ந்து மூன்றாகி, மூன்றும் பிரிந்து ஆறாகி, மறுபடி மூன்றாகக் கூடி, அக்குளைத் தாண்டும்போது ஐந்து பெரிய நரம்புகளாகக் கைக்குள் போகின்றன. ஒன்று தோளைத் தூக்க. ஒன்று முழங்கையை மடக்க. ஒன்று மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்த. ஒன்று கட்டைவிரலால் பிடிக்க. மற்றொன்று சுண்டுவிரல் பக்கத்து நுணுக்க வேலைகளுக்கு. முழங்கையில் இடித்தால் ஷாக் அடிப்பது போல் இருக்கிறதே, அது இந்த நரம்புதான். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இப்னு சீனா தம் 'கானூன்' நூலில் கழுத்திலிருந்து புறப்படும் நரம்புகளை ஜோடி ஜோடியாக எண்ணி எழுதியிருக்கிறார்.

பைக்கில் போகிறவர் தூக்கி எறியப்பட்டு, தோள் தரையில் மோதித் தலை எதிர்ப்பக்கம் சாயும்போது, மேல் வேர்கள் இழுபடுகின்றன. தோளும் முழங்கையும் போய்விடும், விரல்கள் ஆடும். விரல் ஆடுகிறதே என்று வீட்டார் தைரியமாக இருந்துவிடுவதும் உண்டு. பண்ருட்டிப் பக்கம் பலா மரம் ஏறுகிறவர் வழுக்கி விழும்போது ஒரு கையால் கிளையைப் பிடித்துத் தொங்கினால், கை மேல்நோக்கி இழுபட்டுக் கீழ் வேர்கள் அடிபடலாம். அப்போது தோள் ஆடும், விரல்கள் போய்விடும். அடிபட்ட பக்கத்துக் கண் இமை சற்றுத் தொங்கி, கண்மணி சிறுத்திருந்தால், வேர் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்பட்டிருக்கலாம். அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வெறுமனே இழுபட்ட நரம்பு பல பேருக்குத் தானாகவே திரும்புகிறது. அறுந்ததும் பிடுங்கப்பட்டதும் திரும்பாது. எது எது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மூன்று நான்கு வாரத்தில் நரம்புக்கு மின் பரிசோதனையும், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் செய்து பார்ப்பார்கள்.

ஏன் அவசரம் என்றால், ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. நரம்பு வளரும் வேகம் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். கழுத்திலிருந்து விரல்வரை 60, 70 சென்டிமீட்டர் என்றால், போய்ச் சேரவே இரண்டு வருஷம் ஆகும். தசையோ ஏறக்குறைய ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்துக்கு மேல் காத்திருக்காது, சுருங்கி நாராகிவிடும். பிறகு நரம்பு வந்தாலும் இழுக்கத் தசை இருக்காது. அதனால்தான் ஆபரேஷன் தேவைப்பட்டால் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் என்கிறார்கள். தூரத்தைக் குறைக்கவும் வழி கண்டிருக்கிறார்கள். 1994-ல் பிரான்ஸ் நாட்டு ஓபர்லின் என்ற சர்ஜன், சுண்டுவிரல் பக்கத்து நரம்பில் ஒரு சிறு இழையை மட்டும் எடுத்து, பக்கத்திலேயே இருக்கும் முழங்கை மடக்கும் தசையின் நரம்போடு இணைத்தார். இன்று நம் நாட்டிலும் அது நடக்கிறது.

அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்குச் செலவில்லாத சிகிச்சை. நல்ல திட்டம். ஆனால் அந்த 48 மணி நேரம் உயிரைக் காக்கவே போய்விடுகிறது. கையைப் பற்றிக் கேட்க வேண்டியது டிஸ்சார்ஜ் ஆகும் நாளில், நாம்தான். சவூதியிலோ துபாயிலோ அடிபட்ட பிள்ளை, லீவு கிடைக்கட்டும், ஊருக்கு வந்து பார்க்கலாம் என்று எட்டு மாதம் தள்ளினால், அந்தக் கணக்கில் பாதிக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம்.

தாய்மார்களுக்கும் ஒரு செய்தி. பிரசவத்தில் தலை வந்து தோள் சிக்கிக்கொண்டால் பிள்ளையின் இதே பின்னல் இழுபடலாம். ஜெர்மனியின் கடைசிச் சக்கரவர்த்தி இரண்டாம் வில்லியம் 1859-ல் பிறந்தபோது, தலைக்குப் பதில் பிட்டம் முதலில் வந்த பிரசவத்தில், இதே பின்னல் அடிபட்டது. இடது கை கடைசிவரை சூம்பியே இருந்தது. தாய்க்குச் சர்க்கரை இருந்து பிள்ளை பெரிதாக இருந்தால் அபாயம் கூடும். பெற்றவளைக் குறை சொல்வதற்கு இதில் ஒன்றுமில்லை. ஏழாம் நாள் முடி இறக்கும்போது இரண்டு கையும் ஒன்றுபோல் மடங்குகிறதா என்று பெரியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். மடங்காவிட்டால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சரியாகிவிடும். மூன்று மாதம் ஆகியும் முழங்கை மடங்கவில்லை என்றால் நரம்பு சர்ஜனிடம் போக வேண்டும்.

எங்கே போவது? முதலில் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி, அல்லது புதுச்சேரி ஜிப்மர். கைக்கென்றே பெயர் பெற்ற பிரிவு சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இருக்கிறது; டாக்டர் ஆர். வெங்கடசாமி உருவாக்கியது. காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டுபோய் அங்குள்ள கவுன்ட்டரில் விசாரியுங்கள்.

காத்திருக்கும் நாட்களில் தினமும் தோள், முழங்கை, விரல் மூட்டுகளை மெதுவாக அசைத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் மூட்டு இறுகிவிடும். உணர்ச்சி இல்லாத கையில் சூடான டீ கிளாஸைக் கொடுக்காதீர்கள். சுட்டாலும் தெரியாது.

காலம் கடந்தவர்களுக்கும் கதவு முழுக்க அடைபடவில்லை. 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் நரம்பு செத்த கைகளில், வேலை செய்யும் தசையின் நாணை எடுத்து வேறிடத்தில் இணைத்து விரல்களை ஆட வைத்தார். அந்த முறை, உயிருள்ள தசை ஏதாவது மிச்சம் இருந்தால், இந்தக் கைகளுக்கும் உதவும். பழைய கை போல ஆகாது. ஒரு பையைப் பிடிக்கலாம், சட்டைப் பொத்தான் போடலாம். நம் தெருக்களில் அப்படி யாராவது இருந்தால் எங்களிடம் அழைத்து வாருங்கள். வரும்போது பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் எல்லாவற்றையும் எடுத்து வரச் சொல்லுங்கள். விபத்து நடந்த தேதி அதில் இருக்க வேண்டும். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.