புதிய மரமும் பழைய கோயிலும்: இசேத் திருத்தலம்



ஜப்பானின் பழம்பெருமை வாய்ந்த ஷிந்தோத் தலங்களைக் காணச் செல்வோர், மீஎ மாநிலத்து இசேக்கு வந்ததும் சற்றே திகைப்பர். ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழைமை என்று கேட்டு வந்தவர் கண்முன் நிற்பது 2013ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற மரக்கட்டடம். அதுவும் நான்கு வேலிகளுக்கு அப்பால். கூரையின் முகடு மட்டுமே புலப்படும். படிகளின் அடியிலேயே புகைப்படக் கருவியை மூடிவிட வேண்டும். அருகில், அதே அளவில் கூழாங்கல் பரப்பிய வெற்றிடம் ஒன்று கிடக்கும்.

அவ்வெற்றிடமே இசேயின் திறவுகோல். உணவுத் தெய்வம் தொயோஉகே உறையும் புறக்கோயில், கதிரவத் தெய்வம் அமதெராசு உறையும் உட்கோயில் ஆகிய இரண்டையும் இருபது ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அப்படியே புதிதாகக் கட்டி, தெய்வத்தை இரவில் எழுந்தருளச் செய்வர். இதனை ‘ஷிகினென் செங்கூ’ என்பர். பேரரசி ஜிதோ காலத்தில், 690இல், உட்கோயிலில் தொடங்கிய வழக்கம் இது. 2013இல் நிகழ்ந்தது 62ஆவது, அடுத்தது 2033இல். வண்ணம் பூசாத ஹினோகி மரமும் நெடும்புல் வேய்ந்த கூரையும் நெடுங்காலம் தாங்கா என்பது உண்மையே. எனினும் ஒரு தச்சன் இளமையில் கற்று, முதுமையில் கற்பிக்க இருபதாண்டு இடைவெளி பொருந்தி வருவதையும் நோக்க வேண்டும். பழைய மரமும் வீணாவதில்லை. முகடு தாங்கிய பெருந்தூண்கள் ஊஜிப் பாலத்தின் இருமுனைகளிலும் தோரண வாயில்களாக மேலும் இருபதாண்டு நிற்கின்றன.

இவ்வழக்கம் அறாத தொடர்ச்சி என்று பேசப்படுவதுண்டு. அது வரலாறு அன்று. உள்நாட்டுப் போர்க்காலத்தில் 1462க்குப் பின் 1585 வரை உட்கோயில் முறைப்படி புதுப்பிக்கப்படவில்லை. நூற்றிருபது ஆண்டுக்கு மேல்! புறக்கோயிலும் அவ்வாறே நலிந்து கிடந்தது. அறுந்த இழையை முடிந்தவர் யார்? கெய்கோஇன் மடத்துப் பௌத்தத் துறவியான செய்ஜுன் என்னும் பெண்மணி ஊர்தோறும் பொருள் திரட்டி, 1563இல் புறக்கோயிலை எழுப்பத் துணைநின்றார். அவர் வழிவந்த ஷூயோ 1585இல் உட்கோயிற் பணி நிறைவேற உழைத்தார். நொபுனாகா, ஹிதெயோஷி போன்ற தலைவர்களின் கொடையும் சேர்ந்தது. ஆயின் இரந்து நடந்த கால்கள் அப்பெண்களுடையவை.

இங்கே ஒரு முரணைக் காண்க. பௌத்தத் துறவியர் அந்நாளில் இசேயின் சந்நிதியை அணுகலாகாது. எட்ட நின்றே தொழ வேண்டும். இசேயில் பணிபுரிந்த அரசகுல இளவரசியின் மாளிகையில் பௌத்தச் சொற்களை உச்சரிப்பதும் விலக்கு. பத்தாம் நூற்றாண்டின் ‘எங்கிஷிகி’ அச்சொற்களுக்கு மாற்று வழக்குகளைத் தொகுத்துள்ளது. நம் இலக்கணத்தார் கூறும் மங்கல வழக்கை ஒத்தவை அவை. தலை மழித்த துறவியை ‘நீள்முடியர்’ என்றனர். துறவிப் பெண்ணைப் ‘பெண் நீள்முடியர்’ என்றனர். பெயர் சொல்லவும் கூசிய அக்கூட்டத்தாரே கோயிலை மீட்டுத் தந்தனர்.

1868இல் மெய்ஜி அரசு ஷிந்தோவையும் பௌத்தத்தையும் பிரித்து ஆணையிட்டது. அதனையொட்டி கெய்கோஇன் மடமும் மூடப்பட்டது. அதன் விருந்தினர் மாளிகை மட்டும் உட்கோயிலுக்குச் செல்லும் வழியில் இன்றும் நிற்கிறது. இசேயின் தலைமைப் பூசனையாளர்க்குரிய இல்லமாக.