ஆசிரியர் மகாநாடும் சாட்சிக் கூண்டும்



ஐக்கிய அமெரிக்கக் கல்லூரிகளிலே முதலாண்டு மாணவருக்குக் கட்டுரை எழுதக் கற்பிக்கும் ஆசிரியர்களின் வருடாந்த மகாநாட்டையும், அதன் சஞ்சிகையையும் பற்றி இன்று பேசப் புகுந்தோம். வயலிலிருந்து நேரே வந்திருக்கும் அன்பர்கள், இதில் நமக்கென்ன அலுவல் என்று கேட்கலாம். மொழியுரிமை வழக்கொன்று இதனோடு பிணைந்திருக்கின்றது, அதனாலேயே பேசுகின்றோம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், அரசாங்கச் செலவிற் படிக்க வந்த போர்வீரர்களால் அந்நாட்டுக் கல்லூரிகள் நிறைந்தன. கட்டுரை வகுப்புகள் பெருகின. அவற்றை நடத்தியோர் பெரும்பாலும் கீழ்நிலை ஆசிரியர். இலக்கியப் பேராசிரியர்கள் அவ்வேலையை ஏறெடுத்தும் பார்த்தாரல்லர். அவ்வாசிரியர்கள் 1949இல் சிக்காகோவிற் கூடினர். 1950இல் தமக்கென ஒரு சஞ்சிகை தொடங்கினர். பாடத்திட்டம், திருத்தும் முறை, வேலைப்பளு என்பனவே அக்காலத்து விவாதங்கள்.

பின்னர் கறுப்பின மாணவர் பெருந்தொகையாக வந்தபோது வேறொரு வினா எழுந்தது. தாய் மடியிற் கற்ற பேச்சைச் சிவப்பு மையால் அடிப்பது திருத்தமா, அவமதிப்பா? அதற்கும் ஓர் இலக்கணம் உண்டன்றோ? மாணவர்க்குத் தம் சொந்த மொழியில் உரிமை உண்டு என்ற தீர்மானத்தை 1972இல் நிர்வாகக் குழுவும், 1974இல் கலிபோர்ணியாவிற் கூடிய மகாநாடும் நிறைவேற்றின. ஆசிரியர்களுக்குள்ளேயே கடும் எதிர்ப்பு இருந்தது. ஆயினும், தீர்மானத்தை மட்டுமன்றி அதற்கான நியாயங்களையும் விரிவாக எழுதி, அவ்வாண்டே சஞ்சிகையின் சிறப்பிதழாக வெளியிட்டனர். குளத்து நீரைப் பங்கிடும் கூட்டத்திலே வாயாற் சொன்னது எத்தனை நாள் நிற்கும் என்பதைக் கமக்காரருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

மகாநாட்டுத் தீர்மானம் எவரையும் சட்டத்தாற் கட்டுப்படுத்தாது. ஆனால், மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரிலே, ஏழைக் கறுப்பினக் குழந்தைகளின் சார்பில் பாடசாலைச் சபைக்கு எதிராக 1977இல் வழக்குத் தொடரப்பட்டது. குழந்தைகளின் பக்கத்து முதன்மை நிபுணசாட்சி ஜெனீவா ஸ்மிதர்மன் என்னும் பேராசிரியை. சிறப்பிதழின் நியாயங்களை வகுத்த குழுவில் இருந்தவர் அவர். 1979 யூலை 12இல் நீதிபதி சார்ல்ஸ் ஜொய்னர் தீர்ப்பளித்தார். குழந்தைகளின் வீட்டுமொழியை உணர்ந்து வாசிப்புக் கற்பிக்க ஆசிரியர்களுக்குத் துணைசெய்யும் திட்டமொன்றை 30 நாட்களுள் சமர்ப்பிக்கச் சபைக்குக் கட்டளையிட்டார். மொழித்தடையை நீக்க நடவடிக்கை எடுக்கவேண்டும் என்ற 1974ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவே தீர்ப்பின் அடிப்படை. மகாநாட்டுத் தீர்மானம் அன்று. எனினும், பல்லாண்டு விவாதத்திற் புடமிடப்பட்ட அறிவே சாட்சிக் கூண்டில் ஏறி நின்றது என்பது நமது துணிபு.

இச்சஞ்சிகை உலகைப் புகழ மட்டும் நாம் வரவில்லை. யுத்தகாலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கற்பித்த சுரேஷ் கனகராஜா, 2002இல் வெளிவந்த தம் நூலிலே அதன் மறுபக்கத்தைக் காட்டினார். மேலைநாட்டுச் சஞ்சிகைகள் அக்காலத்தில் ஒரே கட்டுரைக்குப் பல பிரதிகள் கேட்டன. யாழ்ப்பாணத்திலோ அன்று மின்சாரம் இருக்கவில்லை, தாளுக்கும் பஞ்சம் நிலவியது. கருத்தைப் படிக்குமுன்னரே தாள் வழிமறித்தது! உலக ஆங்கிலங்களுக்குக் கல்லூரிக் கட்டுரையில் இடம் வேண்டும் என்று வாதாடி, 2006இல் அவர் அமெரிக்க ஆசிரியர்களின் அதே சஞ்சிகையில் எழுதினார். அடுத்த ஆண்டே அம்மகாநாடு அதற்குத் தன் பரிசை அளித்தது.

நம் ஆசிரியர் சங்கங்களிடம் நாம் வேண்டுவது ஒன்று. வரும் மகாநாட்டுத் தீர்மானங்களோடு அவற்றின் நியாயங்களையும் எழுதி அச்சிடுங்கள். ஒரு பிரதியை ஊர் வாசிகசாலைக்கும் அனுப்புங்கள்.