அயலவரும் நாமும்
(மன்ற ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நாம் யார் என்னும் கேள்விக்கு நம்மையன்றி மற்றையோரெல்லாம் விடை கூறி வந்துள்ளனர். 1911ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பு நம்மை ‘இந்தியத் தமிழர்’ என்று வேறாக எண்ணியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம்மவரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. பங்கிடப்பட்டவர்களை ஒருவரும் கேட்டாரல்லர். எஞ்சியோருக்கு 2003இலேதான் நாடாளுமன்றம் ஒருமனதாக உரிமை வழங்கிற்று.

இக்கதையை நாம் நன்கு அறிவோம். அயலவர் கதையையோ அறியோம்.

கண்டிச் சீமைக் கிராமத்தவர் தலைமுறையாய்ப் பயன்படுத்திய காடும் சேனையும், உறுதி காட்ட இயலாமையால், 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி முடிக்குரியனவாயின. துரைமார் அவற்றை வாங்கிக் கோப்பி நட்டனர். கோப்பி அழிந்தபின் தேயிலை வந்தது. அந்நிலத்திலே பாடுபடவே நம் முன்னோர் கடல் கடந்து வந்து, கால்நடையாய் மலையேறினர். நிலத்தை எடுத்தது அரசு. கிராமத்தான் நாள்தோறும் கண்டதோ மம்பட்டி பிடித்த நம் பாட்டனை. கசப்பு அங்கே முளைத்தது. 1948இன் அநீதிக்கு நாம் நியாயம் கற்பிக்க வரவில்லை. பெரியோர் சிலர் முகஞ் சுளிப்பதால் இதைச் சொல்லிவைக்கிறோம்.

உறுதியின்றி அவர்கள் அன்று நிலம் இழந்தார்கள். நம் லயன்களிற் பலவற்றுக்கு இன்றும் காணியுறுதி இல்லை. இதை இரு பகுதியாரும் ஒரே மேசையிலிருந்து பேசியதுண்டா?

வாக்குரிமை மட்டும் போதுமென்பாரும் உளர். 1977 ஜூலையில் நுவரெலியா – மஸ்கெலியாத் தொகுதி காமினி திசாநாயக்க, அநுர பண்டாரநாயக்க, தொண்டமான் ஆகிய மூவரையும் ஒருங்கே நாடாளுமன்றம் அனுப்பியது. அடுத்த மாதமே நாட்டிற் கலவரம் மூண்டது, தோட்டங்களும் தப்பவில்லை. நம்மவர் பலர் மூட்டை முடிச்சுடன் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயினர்.

நாம் ‘மலையகத் தமிழர்’ என்கிறோம், அப்பெயரை விடப்போவதில்லை. நாம் சிவனொளிபாதம் என்னும் மலையை அவர்கள் ஸ்ரீபாத என்கின்றனர். நல்லதண்ணிப் படிகளில் மூச்சு வாங்குவோர் யாரும் அதற்காக வழக்காடுவதில்லை!

ஆதலின் ஒரு வேண்டுகோள். வரும் யாத்திரைக் காலத்திலே நம் தண்ணீர்ப் பந்தலை அயற்கிராமத்துப் பன்சலை இளைஞரோடு சேர்ந்து நடத்துவோம். அதன்முன் நாம் சிங்களம் பேசப் பழகவேண்டும். அவர்களுக்குத் தமிழ் கற்பிக்கவும் ஆயத்தமாயிருக்கிறோம். பன்சலைக்கு முதலிற் செல்லும் குழுவுக்குப் பெரியோர் இருவர் உடன்வரவேண்டும். பெயர்களை இன்றே செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள்.